சாயம் பூசாத வண்டி

கேமரன் மலைக்குச் சென்று வந்தவர்கள் அந்த வண்டிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. சதுரமான முகம், தட்டையான கதவுகள், பின்னால் முட்டைக்கோசுக் கூடைகளை அடுக்கிய சரக்குத்தட்டு. காய்கறித் தோட்டங்களின் சேற்றுப் பாதைகளில் அவை உறுமிக்கொண்டே ஏறும், இறங்கும். அவற்றுள் பல, ஓட்டுபவரைவிட வயதில் மூத்தவை. அவைதாம் பழைய லேண்ட் ரோவர் பிக்கப் வண்டிகள்.

அந்த இளைஞனுக்கு வயது 26. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மின்சாரத் தொழில்நுட்பராக வேலை செய்கிறான். வார இறுதியில் தாப்பாவில் உள்ள வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் அவன் முதலில் போய் உட்காரும் இடம் தாத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான்.

தாத்தா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓட்டுநராக இருந்தவர். மலைச்சரிவில் பறித்த கொழுந்து மூட்டைகளை லேண்ட் ரோவரில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்ப்பதே அவர் வேலை. இப்போது அவருக்கு 82 வயது. நேற்று என்ன சாப்பிட்டார் என்பது மறந்துவிடுகிறது. ஆனால், எந்த மேட்டில் எந்த கியரில் ஏற வேண்டும் என்பது மறக்கவில்லை. “மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் கம்பியை இழுப்பதென்றால் வண்டியை முழுக்க நிறுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பல்சக்கரம் கத்தும்” என்பார். பேரன் இதை நூறு முறை கேட்டிருப்பான். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்பான்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில், தாத்தா ஒருநாள் பேரனின் பெயரையே ஒரு நிமிடம் தேடினார். அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. நான்கு ஆண்டுகளில் அவன் சேமித்து வைத்திருந்தது 20,000 ரிங்கிட். பழைய லேண்ட் ரோவர் பிக்கப் ஒன்றை வாங்க வேண்டும். தீபாவளிக்குள் தாத்தாவை அதில் உட்கார வைத்து மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று அவன் முடிவு செய்தான்.

அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. “அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் ஒரு மகிழுந்தே கிடைக்கும். பழைய இரும்பை வாங்கி என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அவனிடமும் தகுந்த பதில் இல்லை. ஆகவே, அம்மாவின் தம்பியைத் துணைக்கு அழைத்தான். தாப்பாவில் வாகனப் பட்டறை வைத்திருக்கும் மாமாவுக்குப் பழைய வண்டிகளோடு 30 ஆண்டுப் பழக்கம்.

பழைய வண்டியை வாங்கப் போகிறவர், அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லேண்ட் ரோவரின் கதை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், 1947-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஒன்றின் மணலில் இந்த வண்டியின் வடிவத்தை வரைந்து காட்டியதாகச் சொல்வார்கள். 1948-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது உலகத்துக்கு அறிமுகமானது. போருக்குப் பிறகு அங்கே எஃகு தட்டுப்பாடாக இருந்தது. அதனால் வண்டியின் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆனால், முழு எடையையும் சுமக்கும் அடிச்சட்டத்தை அப்படிச் செய்ய இயலாது. பட்டறைகளில் ‘சேசிஸ்’ எனப்படும் அந்த அடிச்சட்டம் எஃகால் ஆனது. இயந்திரத்துக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவரும் அப்படியே.

இந்த வண்டியின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. அலுமினியத்தில் செந்துரு பிடிக்காது. ஆகவே, 50 ஆண்டு கழித்தும் வெளித்தோற்றம் ஓரளவு நன்றாகவே இருக்கும். எஃகுச் சட்டமோ உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டிபோல் பற்றவைக்கப்பட்டது. சேறும் நீரும் உள்ளே புகுந்தால் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். கண்ணுக்கு ஓட்டை தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

மார்ச் மாதத்தில் ஈப்போவுக்கு வெளியே ஒரு விற்பனையாளரிடம் முதல் வண்டியைப் பார்த்தார்கள். 1970-களில் வந்த மூன்றாம் வரிசை வண்டி அது. புத்தம் புதிய பச்சைச் சாயம் பளபளத்தது. இருக்கைகளுக்குப் புதிய உறை போட்டிருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் இயந்திரம் ஓடியது. விலை 18,000 ரிங்கிட். இளைஞனின் முகம் மலர்ந்துவிட்டது. இன்றே வாங்கினால் அடுத்த வாரமே தாத்தாவை அழைத்துப் போகலாம் என்று அவன் மனம் கணக்குப் போட்டது.

சாயத்துக்கு அடியில் புட்டி பூசியிருக்கிறார்களா என்று சோதிக்க அவன் ஒரு காந்தம் கொண்டு வந்திருந்தான். அதைக் கதவில் வைத்தான். ஒட்டவில்லை. மாமா சிரித்தார். “அது அலுமினியம், தம்பி. காந்தம் எப்படி ஒட்டும்? இங்கே வா” என்று ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தைக் காட்டினார். “இது எஃகு. இங்கே வைத்துப் பார்.”

காந்தம் அங்கேயும் ஒட்டவில்லை. வழுக்கிக் கீழே விழுந்தது.

மாமா ஒன்றும் பேசவில்லை. விற்பனையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு, சிறிய சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்தார். சட்டத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வந்தார். முதலில் ‘டங்... டங்...’ என்று கணீரென ஒலித்தது. பின்சக்கரத்தை நெருங்கியதும் ஒலி மாறியது. ‘தொப்... தொப்...’ என்று மண்சுவரைத் தட்டுவதுபோல் கேட்டது. கறுப்புச் சாயத்தின் மேல் திருப்புளியை வைத்து இலேசாக அழுத்தினார். அது உள்ளே இறங்கியது. துரு தூளாகக் கொட்டியது.

“சட்டம் பின்பக்கம் செத்துப்போய்விட்டது. மேலே புட்டி பூசிச் சாயம் அடித்திருக்கிறார்கள்” என்றார் மாமா.

“மெதுவாக ஓட்டினால் போதாதா, மாமா? ஒரே ஒரு முறை மலைக்குப் போய் வந்தால் போதும்.”

மாமா எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். “பின்சக்கரத்தைத் தாங்கும் வில் அந்தச் சட்டத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. மலைச்சாலை வளைவில் அது பிய்த்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? பக்கத்து இருக்கையில் யாரை உட்கார வைக்கப் போகிறாய் என்று யோசித்துப் பார்.”

திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. மின்னுவதெல்லாம் பொன்னன்று என்பதை அவன் பள்ளியில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறான். ஆனால், மின்னும் ஒன்றை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தான்.

அன்று மாலை பட்டறையில் தேநீர் அருந்தும்போது மாமா விளக்கினார். “சீரமைத்த வண்டியை வாங்கினால், சீரமைத்தவரின் நேர்மையையும் சேர்த்து வாங்குகிறாய். அவர் நல்லவர் என்றால் கொடுத்த விலை தகும். தெரியாதவர் என்றால் சாயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? யாரும் கைவைக்காத வண்டி அழகாக இராது. ஆனால், அதன் குறை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த குறைக்குக் கணக்குப் போடலாம்.”

மேலும் ஒன்று சொன்னார். “உன்னிடம் இருக்கும் பணத்தில் பாதிக்குமேல் வண்டிக்குக் கொடுக்காதே. வாங்கும் நாளில் செலவு முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது.”

அதன்பின் ஆறு மாதங்கள் தேடினார்கள். ஐந்து வண்டிகளைப் பார்த்தார்கள். ஒன்றில் சட்டத்தின் எண்ணும் பதிவு அட்டையிலுள்ள எண்ணும் பொருந்தவில்லை. இன்னொன்றில் பதிவு அட்டையில் உள்ள உரிமையாளர் எப்போதோ இறந்துவிட்டிருந்தார். பிள்ளைகள் பெயர் மாற்றம் செய்யவில்லை. வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், தாள்கள் சரியில்லை என்றால் அது சாலையில் ஓட முடியாத வெறும் பொருள்தான். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தாத்தா வாசலில் உட்கார்ந்திருப்பார். “எங்கே போய் வருகிறாய்?” என்று கேட்பார். “சும்மா, தாத்தா” என்பான் அவன்.

செப்டம்பர் இறுதியில் ரிங்லெட் அருகே ஒரு காய்கறித் தோட்டத்தில் ஏழாவது வண்டியைப் பார்த்தார்கள். தகரக் கொட்டகையின்கீழ், காலி உரச் சாக்குகளுக்கு நடுவே அது நின்றது. கொடி ஒன்று கண்ணாடி வரை ஏறியிருந்தது. பச்சைச் சாயம் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. சரக்குத்தட்டின் ஓரங்கள் கூடைகள் இடித்து இடித்து அலையலையாய் நெளிந்திருந்தன. நான்கு டயர்களிலும் காற்று இல்லை.

உரிமையாளர் ஒரு சீனப் பெரியவர். ஏழு ஆண்டுகளாக வண்டியை ஓட்டவில்லை என்றார். இளைஞன் கேட்பதற்கு முன்பே அவர் மலாய்மொழியில் குறைகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பிரேக் பிடிக்காது. மின்கம்பிகளை எலி கடித்துவிட்டது. பின்பக்கக் குறுக்குச் சட்டம் துருப்பிடித்துப் போயிற்று. கால் வைக்கும் தகட்டில் ஓட்டை இருக்கிறது. மழை பெய்தால் ஓட்டுநரும் நனைவார். “எண்ணெய் ஒழுகுமா, அங்கிள்?” என்று இளைஞன் கேட்டான். “ஒழுகினால்தான் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று பொருள்” என்று அவர் சிரித்தார்.

மாமா மறுபடியும் சுத்தியலோடு படுத்தார். நீண்ட இரு சட்டங்களும் முன்னிருந்து பின்வரை கணீரென்று ஒலித்தன. பின் குறுக்குச் சட்டத்தில் மட்டும் ஒலி மங்கியது. பெரியவர் சொன்ன அதே இடம். “பல ஆண்டுகளாக ஒழுகிய எண்ணெயே சட்டத்தின்மேல் படிந்து துருவைத் தடுத்திருக்கிறது” என்றார் மாமா. குறை என்று நினைத்தது ஒருவகையில் காவலாக இருந்திருக்கிறது!

அடுத்தது இயந்திரம். நீண்ட நாள் ஓடாத இயந்திரத்தை உடனே சாவி போட்டு இயக்கக் கூடாது. உள்ளே உலர்ந்துபோன பாகங்கள் ஒன்றையொன்று கீறிவிடும். மாமா நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். இந்த வண்டியை முன்பக்கத்திலிருந்து கைக்கம்பியால் சுழற்ற முடியும். அரை மணி நேரம் கழித்து இளைஞன் கம்பியைச் செருகி அழுத்தினான். அசையவில்லை. மீண்டும் அழுத்தினான். மூன்றாம் முறை, பெருமூச்சு விடுவதுபோன்ற ஒலியோடு இயந்திரம் சுழன்றது. எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தார்கள். எண்ணெய் கறுத்திருந்தது, ஆனால், பால்போல் வெளுக்கவில்லை. அதாவது, நீர் கலக்கவில்லை.

‘கெரான்’ என்று எல்லாரும் சொல்லும் பதிவு அட்டையைப் பெரியவர் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து வந்தார். சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து ஒப்பிட்டார்கள். எல்லாம் பொருந்தின. பெயரும் அவருடையதே.

பெரியவர் 10,000 ரிங்கிட் கேட்டார். மாமா பேசி 9,000-க்கு முடித்தார். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இளைஞன் ஒரு கணம் நின்றான். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. இந்த வண்டி தீபாவளிக்கு ஓடாது. அடுத்த பொங்கலுக்குக்கூட ஓடாது. தாத்தாவின் நினைவு அதுவரை காத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. வேகமாக ஓடக்கூடிய ஒன்றைத் தேடுவதா, நம்பி உட்காரக்கூடிய ஒன்றைச் செய்வதா? அவன் சற்று நேரம் அந்த நெளிந்த சரக்குத்தட்டைப் பார்த்தான். பிறகு பணத்தைக் கொடுத்தான்.

இழுவைக் கனவுந்தில் வண்டி தாப்பாவுக்கு இறங்கி வந்தபோது அப்பா வாசலுக்கு வந்து பார்த்தார். “இதற்கா ஒன்பதாயிரம்?” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றும் வேலைகளை முடித்தபின் மாமாவின் பட்டறை மூலையில் வேலை தொடங்கியது. மாமா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வேலைகளை வரிசையாக எழுதச் சொன்னார். இளைஞன் முதல் வரியில் ‘சாயம்’ என்று எழுதினான். மாமா அதை அடித்துவிட்டு, கடைசி வரியில் எழுதினார். முதல் வரியில் ‘பிரேக்’ என்று எழுதினார். அதன்பின் சட்டம், திசைமாற்றி, இயந்திரம், மின்கம்பி. “ஓடுவதற்கு முன்னால் நிற்கத் தெரிய வேண்டும்” என்றார்.

வார நாள்களில் தொழிற்சாலை. வார இறுதியில் பட்டறை. நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களையும் கழற்றி, உள்ளே உள்ள சிலிண்டர்களையும் குழாய்களையும் புதிதாக மாற்றினார்கள். பின் குறுக்குச் சட்டத்தை அறுத்தெடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார்கள். எலி கடித்த மின்கம்பிகளை இளைஞன் தானே மாற்றினான். அது அவன் தொழில். எதைக் கழற்றினாலும் முதலில் கைப்பேசியில் படம் எடுப்பான். போல்ட்டுகளையும் நட்டுகளையும் காலி மைலோ டின்களில் போட்டு, எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று எழுதி ஒட்டுவான்.

இந்த ஒழுங்கு அவனுக்கு எளிதாக வந்துவிடவில்லை. ஒரு சனிக்கிழமை, துருப்பிடித்த போல்ட் ஒன்றில் எண்ணெய் ஊறும்வரை பொறுக்காமல் பலம் கொண்ட மட்டும் திருகினான். அதன் தலை முறிந்தது. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று வாரம் இழுத்தது. மாமா கோபிக்கவில்லை. முறிந்த போல்ட்டை மேசைமேல் வைத்து, “இதைப் பத்திரமாக வைத்துக்கொள். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு இதுதான் சாட்சி” என்றார்.

தீபாவளி வந்தது, போனது. அன்று வண்டி நான்கு இரும்புத் தாங்கிகளின்மேல் சக்கரங்கள் இல்லாமல் நின்றது. இளைஞனுக்கு மனம் கனத்தது. ஆனால், அந்த நாள்களில் அவன் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. “பட்டறையில் என்னதான் நடக்கிறது?” என்று கேட்டுக்கொண்டு அப்பா ஒருநாள் வந்தார். சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கம்பித் தூரிகையை எடுத்துத் துருவைத் தேய்க்கத் தொடங்கினார். “உன் தாத்தா வேலை முடிந்து வரும்போது அவர் கையில் இந்த வாசனைதான் இருக்கும்” என்றார். அடுத்த வாரமும் அவர் வந்தார்.

மார்ச் மாதத்தில் இயந்திரம் தயாரானது. கணக்குப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். உதிரிப் பாகங்களுக்கும் பற்றவைப்புக்கும் டயர்களுக்கும் சேர்த்து 8,700 ரிங்கிட் ஆகியிருந்தது. கையிருப்பு கரைந்திருந்தாலும் கடன் இல்லை. சரக்குத்தட்டின் நெளிவுகளைத் தட்டி நிமிர்த்தலாமா என்று அப்பா கேட்டார். இளைஞன் வேண்டாம் என்றான். துருவை விட்டுவைத்தால் வண்டியைத் தின்னும். அதை நீக்கித்தான் ஆக வேண்டும். நெளிவு அப்படியன்று. அது ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு பதிந்த தடம். எதைச் சரிசெய்ய வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று பிரித்தறிவதும் சீரமைப்பில் ஒரு பாதி என்பதை அவன் அதற்குள் கற்றிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தாவைப் பட்டறைக்கு அழைத்து வந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். அவர் ஓட்டிய வண்டி இதுவன்று. அவர் அப்படி நினைத்துக்கொள்ளவும் இல்லை. “இது தோட்டத்து வண்டி இல்லை. காய்கறி வண்டி” என்றார், சரக்குத்தட்டின் நெளிவைத் தடவியபடி.

ஓட்டுநர் இருக்கையில் அவரை மெல்ல ஏற்றி உட்கார வைத்தார்கள். யாரும் சொல்லாமலே அவருடைய இடக்கை கீழே இறங்கியது. கியரைத் தொட்டது, சிவப்புக் கம்பியைத் தொட்டது, மஞ்சள் குமிழின்மேல் வந்து நின்றது. கண்ணால் தேடாமலே அவர் கை அவற்றைக் கண்டுபிடித்தது.

இளைஞன் சாவியைத் திருப்பினான். இயந்திரம் இரண்டு முறை இருமியது. பிறகு, பட்டறை முழுதும் அதிர ஓடத் தொடங்கியது. தாத்தா கண்களை மூடிக்கொண்டு சிறிது நேரம் அந்த ஒலியைக் கேட்டார். பேரன் அருகில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“பிரேக் பார்த்தாயா?”

“முதல் வேலையே அதுதான், தாத்தா.”

தாத்தா தலையசைத்தார். வாகனப் பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி எல்லாம் முடிந்த பிறகுதான் மலைப்பயணம். நோட்டுப் புத்தகத்தின் கடைசி வரியில் ‘சாயம்’ என்ற சொல் இன்னும் அடிக்கப்படாமலே இருக்கிறது.